சிப்பாய் வாய்வைத்த சட்டி

“எதக் கேக்கணும்னாலும் நான் கீழ எறங்கின பொறவு கேளு, பிள்ளே.”

“கீழ எறங்கினா கஞ்சியக் குடிச்சிட்டு ஒறங்கப் போவிய. பொறவு எப்பம் கேக்கது?”

“அப்பம் கேக்கவே செய்யாத.”

செல்லபாய்க்குக் கல்யாணமான முதல் பங்குனியில் அவளுக்கும் அவள் புருஷன் ஆபேலுக்கும் நடந்த பேச்சு இது. களியக்காவிளையில் கொப்பரைக் கடை வைத்திருந்த அவள் சின்னம்மை மகன் இஸ்ரவேல், கடைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தான். அதைத்தான் அவள் சொல்ல வந்தாள். “நீங்க வேணும்னா பனை...” என்று தொடங்கியதுமே ஆபேல் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்திவிட்டான். காய்ப்புக் காய்ப்பாக இருந்த கை. பாளைச் சாறு மணத்தது. அவன் இடுப்பில் அருவாப்பெட்டி கட்டியாகியிருந்தது.

பனையேறிகளின் வீடுகளில் அப்படி ஒரு கட்டு உண்டு. பாளை சீவும் அரிவாளை வைக்கும் அந்தப் பெட்டியைப் பெண்டாட்டிதான் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது, “ஏறிட்டு வாங்க” என்று மட்டும் சொல்ல வேண்டும். ஏறாதே என்றோ, பார்த்து ஏறு என்றோ சொல்லிவிடக் கூடாது. செல்லபாயின் அப்பா பனையிலிருந்து விழுந்துதான் செத்தார். அன்று காலையில் அவள் அம்மை, “மழைக்கோளா இருக்கு, இன்னைக்கு ஏறாதேயும்” என்று வாய்விட்டுவிட்டாள். ஈரப் பனை வழுக்கியது என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. பெண்டாட்டி வாயிலிருந்து விழுந்த சொல் என்றுதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அம்மை வேதக்கோயிலில் பின்வரிசைப் பாயில்தான் உட்கார்ந்தாள்.

ஆகவே செல்லபாய் கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டாள். விடியலில் பெட்டியை எடுத்துக் கொடுத்து, “ஏறிட்டு வாங்க” என்றாள். எத்தனையோ பங்குனிகள் போயின. மகள் சத்தியபாய் பிறந்து, நடந்து, ஓடத் தொடங்கினாள். இஸ்ரவேல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து பலகாரம் தின்றுவிட்டு, “மச்சான் இன்னும் ஆகாசத்துல தானா? கடையில எடம் அப்படியே கெடக்கு” என்று கேலி செய்துவிட்டுப் போனான். அவள் மட்டும் கேட்கவில்லை.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்து, இங்கிலீஷ் கணக்கில் 1935, பங்குனி மாதம். மழை எட்டிப் பார்க்கவில்லை. கருங்கலுக்குத் தெற்கே அவர்கள் இருந்த பனைவிளையில் மண் செம்பாகப் பழுத்துக் கிடந்தது. வெயில் ஏற ஏற அக்கானி ஊறியது. பதநீரை அங்கே அக்கானி என்பார்கள். ஆபேல் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று நேரமும் ஏறிப் பாளை சீவினான். சீவாமல் விட்ட பாளை வற்றிப்போகும். வற்றினால் அடுத்த வருஷம்தான். செல்லபாய் கலயங்களைக் கழுவி, அக்கானி புளித்துக் கள்ளாகிவிடாமல் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கொடுப்பாள். பிறகு ஓலைப்புரைக்குள் அடுப்பு மூட்டி, பாகு முறுகும்வரை துடுப்புப் போட்டுக் கிண்டி, சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவாள். அனலும் புகையுமாக அவள் முகம் எப்போதும் வெந்திருக்கும். பிள்ளையை அந்தச் சூட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் அம்மை வீட்டில் விட்டிருந்தாள்.

இத்தனைக்கும் காவல் சிப்பாய். மிஷன் பங்களாவில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் நாய்க்கும் உள்ளூர் நாய்க்கும் பிறந்த குட்டி. செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். பாளைக்கு வரும் மரநாயையும், கலயத்துக்கு வரும் மனிதர்களையும் அது விட்டுவைப்பதில்லை. அதற்குக் கூலி, பாகு காய்ச்சிய சட்டியை நக்கிக்கொள்வது.

ஒரு நாள் காலை அது கஞ்சிக்கு வரவில்லை. ஆபேல் தேடிப்போய், பனைமட்டை அடுக்கியிருந்த இருட்டு மூலையில் கண்டான். கீழ்த்தாடை தொங்கியது. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடிந்தது.

“சாள மீன் முள்ளு குத்தியிருக்கும்” என்றான் ஆபேல். “ஏலே சிப்பாயி, வாயத் தொற.”

“கைய விடாதீங்க...”

அவள் சொல்லி முடிக்கவில்லை. நாய் ஒரு மாதிரி அலறிக்கொண்டு கடித்தது. ஆபேலின் வலதுகைப் பெருவிரல் அடியில் பல் நன்றாக இறங்கிவிட்டது. சோறு போட்ட ஆளை அது கடித்தது அதுதான் முதல் தடவை. கடித்துவிட்டு மட்டைக்குள் இன்னும் பின்னால் ஒண்டிக்கொண்டது.

செல்லபாய் கையைக் கழுவித் துணி சுற்றினாள். பிறகு ஒரு சிரட்டையில் தண்ணீர் கொண்டுபோய் நாயின் முன்னால் தள்ளினாள். சிப்பாய் குனிந்தது. மூக்கு தண்ணீரில் பட்டதும் தூக்கிவாரிப் போட்டதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டது.

பக்கத்து விளையிலிருந்து நெருப்பு வாங்க வந்த பூங்கனி அதைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த சிரட்டை கீழே விழுந்தது.

“ஏட்டி செல்லபாயி, வெள்ளத்தக் கண்டு பயப்படுதே! இது பேய்ப்பட்டியாக்கும் மக்கா!”

தண்ணீரை வெள்ளம் என்றும், நாயைப் பட்டி என்றும், வெறிபிடித்த நாயைப் பேய்ப்பட்டி என்றும் சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம். அந்தச் சொல்லைக் கேட்டதும் செல்லபாய் ஆபேலின் கையில் சுற்றிய துணியைப் பார்த்தாள்.

“போட்டீ. முள்ளு குத்தியிருக்கும்.”

“முள்ளா? கொளச்சல்ல எங்க வியாகுலம்மாளுக்க மாப்பிளைக்கு என்ன ஆச்சு தெரியுமா? கடிச்சது இத்துணூண்டு. ரெண்டு மாசம் கழிச்சு ஆளு வள்ளத்துல ஏறப் போயி, கடலப் பாத்து அலறிட்டான். கட்டில்ல கட்டிப் போட்டாங்க. வெள்ளம் வெள்ளம்னு கேப்பான், கொண்டுபோனா தட்டி விடுவான். பொறவு...”

“நிறுத்து பூங்கனி” என்றான் ஆபேல். “ஒனக்கு நெருப்பு வேணுமா, வேண்டாமா?”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்று அவள் வந்த வழியே ஓடினாள்.

அவள் ஓடியதில் சேதி ஊருக்குள் பரவியது. கொஞ்ச நேரத்தில் மாட்டு வைத்தியர் வைகுண்டராஜன் வந்தார். மாட்டுக்குச் சூடு போடுவதிலும் மருந்து இடிப்பதிலும் அந்தப் பக்கத்தில் பேர்பெற்றவர். ஆனால் விளைக்குள் வரவில்லை. வேலியாக எழுப்பிய மண்கையாலைக்கு அந்தப் பக்கம் நின்றே எட்டிப் பார்த்தார்.

“பேய்ப்பட்டியேதான். ஒரு சந்தேகமும் வேண்டாம். அடிச்சுப் புதைச்சிரு. கடிவாயில நான் சூடு போட்டுத் தாறேன்.”

“கிட்ட வந்து ஒருக்கப் பாக்கக் கூடாதா, வைத்தியரே?” என்று கேட்டாள் செல்லபாய்.

“எதுக்கு? எனக்கும் கடி வாங்கவா?”

ஆபேல் கடப்பாரையை எடுத்தான். இரண்டடி வைத்தான். மட்டைக்குள்ளிருந்து சிப்பாயின் வால் ஒரே ஒரு தடவை மண்ணில் தட்டியது.

“வைங்க அத” என்றாள் செல்லபாய். “இத அடிச்சுக் கொன்னுட்டா, பொறவு ஒங்களுக்கு வருமா வராதான்னு எனக்கு யாரு வந்து சொல்லுவா? காலம் பூரா நான் ஒங்க மொகத்தப் பாத்துப் பாத்துச் சாவணுமா?”

ஆபேல் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தான்.

அன்றே அவள் தக்கலைப் பக்கத்துச் சர்க்கார் மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள். வழி நெடுகப் புழுதி சுட்டது. ஆஸ்பத்திரி முற்றத்தில் காளைகளும் எருமைகளும் நின்றன. வாசலில் இருந்த சேவகன் அவளைப் பார்த்தான், அவள் பின்னால் பார்த்தான்.

“மாடு எங்க?”

“மாடில்ல. நாயி.”

“பட்டிக்கு வைத்தியமா?” அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பேச்சிப்பாற மேல எஸ்டேட் தொரமாருதான் பட்டியக் காருல கொண்டு வருவானுவ. நீங்க காரு எங்க விட்டிருக்கிய அம்மா?”

உள்ளேயிருந்து, “யாருடே அது?” என்று குரல் வந்தது. டாக்டர் கணபதியப்பன் வெளியே வந்தார். நாஞ்சில் நாட்டு வேளாளர். சென்னையில் மிருக வைத்தியம் படித்தவர். முழங்கைவரை சோப்பு நுரையோடு நின்றபடியே அவள் சொன்னதைக் கேட்டார். எப்போது கடித்தது, எங்கே கடித்தது, அதற்கு முன்னால் யாரையாவது கடித்ததா, ஊர் சுற்றப் போகுமா என்று கேட்டார்.

“நாயக் கொல்லலியே?”

“இல்ல ஐயா.”

“நல்ல காரியம் செஞ்ச. ஆனா நான் அங்க வரணும்னா வேலை முடிஞ்சு வரணும். அஞ்சு ரூவா ஃபீஸ். வில்வண்டிக் கூலி தனி. எஸ்டேட்காரன்னாலும் அதுதான், நீன்னாலும் அதுதான். கொறைக்க மாட்டேன். இன்னைக்கு ஒனக்குக் கொறைச்சா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். யோசிச்சுக்கோ. எந்தத் தெருவுல போனாலும் ஒரு குட்டி சும்மா கெடைக்கும்.”

“நாயிக்காக இல்ல ஐயா. ஆளுக்காக.”

அவர் கையிலிருந்த நுரையை வழித்துவிட்டார். “அப்பம் வண்டியப் பிடி” என்றார்.

மழைக்காலத்துக்கு அரிசி வாங்குவதற்கென்று பரணில் புகை காட்டி வைத்திருந்த கருப்பட்டி முழுவதையும் அவள் வழியிலேயே திங்கள்சந்தை வியாபாரிக்குப் பேசி முடித்து முன்பணம் வாங்கிக்கொண்டாள். ஆடி மாதத்தில் என்ன தின்பது என்று நினைக்க அன்று அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

வெயில் தாழ வில்வண்டி வந்தது. டாக்டர் வண்டியிலிருந்து தோல் உறையும், கவைக்கம்பும், ஒரு மர இடுக்கியும் இறக்கினார். ஊர்ச் சனம் கையாலைக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றது.

கவைக்கம்பால் நாயின் கழுத்தை மண்ணோடு அழுத்தச் சொன்னார். ஆபேல் அழுத்தினான். வாயை இடுக்கியால் பிளந்து, சாய்ந்த வெயிலில் உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“முள்ளு இல்ல. நாக்கும் அண்ணாக்கும் வெந்திருக்கு. வெள்ளை வெள்ளையாத் தோலு உரியுது. இஞ்ச சுண்ணாம்பு நீத்துறது எதுல?”

“ஒரு மண்தொட்டியிலதான் ஐயா. அது கீறிப்போச்சு. அதனால முந்தாநாத்து...” என்றாள் செல்லபாய்.

“முந்தாநாத்து?”

அவள் ஓலைப்புரைக்குள் போய், விளிம்பு உடைந்த பழைய பாகுச்சட்டியை எடுத்து வந்தாள். காய்ச்சுவதற்கு ஆகாது என்று ஒதுக்கிய சட்டி. உள்சுவரில் முறுகிய பாகு இன்னும் பொருக்காக ஒட்டியிருந்தது. அதில்தான் அவள் புதுச் சுண்ணாம்பை நீற்றி வைத்திருந்தாள். பாகின் மேலும் சுண்ணாம்பின் மேலும் நாக்கு இழுத்த தடம் நீளமாகத் தெரிந்தது. சிப்பாய் தன் கூலியை நக்கியிருக்கிறது.

ஆபேல் முதலில் சிரித்தான். பிறகு சத்தமாகச் சிரித்தான். “கண்டியா பிள்ளே! வாயி வெந்து கெடக்கு பாவம். எரிச்சல்லதான் வெள்ளம் குடிக்கேல, எரிச்சல்லதான் என்னையும் கடிச்சிட்டு!” கையாலைக்கு அந்தப் பக்கமும் சிரித்தார்கள்.

“சிரிக்கண்டாம்” என்றார் டாக்டர். இடுக்கியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “வாயி வெந்தது சுண்ணாம்புலதான். அது நிச்சயம். ஆனா பேயி பிடிச்ச நாயி மண்ணத் தின்னும், கட்டையத் தின்னும், சுண்ணாம்பையும் தின்னும். சுண்ணாம்பத் தின்னதால வாயி வெந்துதா, பேயி பிடிச்சதால சுண்ணாம்பத் தின்னுதா? அது எனக்குத் தெரியாது.”

“தெரியாதா?” என்றாள் செல்லபாய்.

“தெரியாது அம்மா. தெரியும்னு சொல்லுதவன்கிட்டப் போவாத. சங்கிலியில கட்டிப் போடு. ஒருத்தரும் கிட்டப் போவக் கூடாது. முட்டை வெள்ளையும் நல்லெண்ணெயும் கலந்து தூரத்துல நின்னு ஊட்டு. பத்து நாளு உசுரோட இருந்து, வெள்ளம் குடிச்சா, பயமில்ல. அதுக்கு முந்திச் செத்தா...” அவர் ஆபேலைப் பார்த்தார். “நீ நாளைக்கே மனுஷாஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட ஆரம்பி. நாயி நல்லாயிட்டா நிறுத்திக்கலாம்.”

“ஊசி எங்க போடுவாங்க?”

“வயித்துல. தெனம் ஒண்ணு.”

ஆபேல் தன் வயிற்றைத் தடவிக்கொண்டான். மார்பும் வயிறும் மரத்தோடு உரசி உரசித் தோல் கறுத்துத் தடித்திருந்தது. பனையேறிக்கு அதுவும் ஒரு கால்தான். வயிறு வீங்கினவன் பனையைக் கட்டிப்பிடிக்க முடியாது.

“இப்பம் முடியாது ஐயா. பாளை வத்திரும்.”

“நீ வத்திராதடே” என்று சொல்லிவிட்டு டாக்டர் வண்டியில் ஏறினார். ஃபீஸை எண்ணாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், ஆனால் போட்டுக்கொண்டார்.

வண்டி போனதும் பூங்கனி கேட்டாள்: “அஞ்சு ரூவா குடுத்து, ‘தெரியாது’ன்னு கேக்கவா ஏட்டி அவர வரவச்ச? நான் சும்மாவே சொல்லியிருப்பேனே.”

செல்லபாய் சட்டியைத் தூக்கிக்கொண்டு புரைக்குள் போனாள். அவ்வளவு தூரம் வந்து, வாய்க்குள் பார்த்து, தெரியாது என்று சொல்லிய ஒரே ஆள் அவர்தான். அதனாலேயே அவர் சொன்ன மற்றதெல்லாம் அவளுக்கு நிச்சயமாயிற்று. ஊசி போட வேண்டும் என்பதும் நிச்சயம். ஆனால் அதைப் புருஷனிடம் எப்படிச் சொல்வது? ஊசிக்குப் போங்கள் என்றால், பனை ஏறாதீர்கள் என்றுதான் அர்த்தம். அம்மை சொன்ன அதே சொல்.

சிப்பாயை இன்னும் ஏறும் பருவத்துக்கு வராத ஒரு வடலிப் பனையடியில் சங்கிலியில் கட்டினார்கள். நீண்ட மூங்கில் குழலைக் கம்பு நுனியில் கட்டி, அதன் வழியே செல்லபாய் எண்ணெயும் முட்டையும் நாயின் வாயில் சரியவிட்டாள். பாதி உள்ளே போகும், பாதி மண்ணில் வடியும். இன்னொரு கம்பால் தண்ணீர்ச் சிரட்டையைத் தள்ளி வைப்பாள். அடுத்த தடவை போகும்போது சிரட்டையில் தண்ணீர் அப்படியே நிற்கும். எறும்பு மிதக்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் வைப்பாள்.

விடியலில் ஆபேல் கையை நீட்டுவான். வலதுகை வீங்கி, பெருவிரல் மடங்க மறுத்தது. அவள் பெட்டியை எடுத்துக் கொடுப்பாள். “ஏறிட்டு வாங்க” என்பாள். சொல்லிவிட்டு முன்போல் புரைக்குள் போக அவளால் முடியவில்லை. பனையடியிலேயே அண்ணாந்து நிற்பாள். அவன் உச்சியில் ஓலைகளுக்குள் மறைந்ததும் காதைத் தீட்டிக்கொள்வாள். அரிவாள் பாளையைச் சீவும் சத்தம் கேட்க வேண்டும். சற்று நின்றால், வள்ளத்தில் ஏறி அலறிய அந்த ஆளை நினைப்பாள். இவன் அலறினால் அங்கே பிடித்துக் கட்டுவதற்குக் கட்டில் இல்லை. கீழே மண்தான் இருக்கிறது.

“கழுத்து வலிக்காதா பிள்ளே?” என்று மேலேயிருந்து கேட்பான்.

“காக்கா பாக்கேன்” என்பாள்.

அவன் இறங்கியதும் முதல் வேலையாகச் செம்பில் தண்ணீர் நீட்டுவாள். இரண்டாம் நாளே அவனுக்குப் புரிந்துவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்து, கடகடவென்று வேண்டுமென்றே சத்தம் போட்டுக் குடித்து, செம்பைக் கவிழ்த்துக் காட்டுவான்.

“பாத்தியா? ஒரு சொட்டு இல்ல. சிப்பாயி குடிக்கேல, சிப்பாயிக்க எஜமான் குடிச்சிட்டான்.”

“ஒண்ணும் வேடிக்க பேசண்டாம்.”

ஒரு மத்தியானம் அவன் இறங்கிவந்து செம்பைத் தள்ளிவிட்டான். “வேண்டாம்” என்றான்.

“கொஞ்சம் குடிங்க.”

“வேண்டாம்னேன்லா. பாத்தாலே ஓங்கரிக்கு.”

செம்பு அவள் கையிலிருந்து நழுவித் தண்ணீர் அவன் காலில் தெறித்தது. அவன் விலகினான். விலகினானா, துள்ளினானா? செல்லபாய் பின்னால் போய்ப் பனையில் முதுகு முட்டும்வரை நகர்ந்தாள். மரத்தின் செதில் முதுகைக் கீறியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. புருஷனைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம் என்று தெரிந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆபேல் திகைத்துப்போனான். “ஏட்டி, ஏட்டி... மேல இருந்து ஒரு கலயம் அக்கானிய அப்படியே குடிச்சிட்டேன். வயிறு நெறஞ்சு கெடக்கு, அதாக்கும்.” பிறகு குனிந்து, உருண்டு கிடந்த செம்பை எடுத்து, குடத்திலிருந்து மொண்டு, அவள் கண்ணெதிரே நின்று முழுவதையும் குடித்தான். பாதியில் புரையேறியது. கண்ணில் நீர் வர இருமிக்கொண்டே, “குடிச்சேன், பாத்தியா, குடிச்சேன்” என்றான். அந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. அவனும் பயந்துகொண்டுதான் இருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவள் வடலியடியில் புதுத் தண்ணீர் வைத்துவிட்டுத் தூரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “குடிச்சிருடே” என்றாள். “ஒன்னக் கும்பிடுதேன். குடிச்சிரு.”

சிப்பாய் அவளைப் பார்த்தது. குடிக்கவில்லை.

டாக்டர் சொன்ன கெடு முடிவதற்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு விடியலில் செல்லபாய் கம்பும் சிரட்டையுமாகப் போனபோது, சங்கிலி கலகலவென்றது. சிப்பாய் எழுந்து நின்றது. எச்சில் வடியவில்லை. அவள் சிரட்டையைத் தள்ளினாள். நாய் மூக்கை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. நாக்கு வெளியே வந்தது. சலக், சலக் என்று சத்தம். சிரட்டை காலியாகி மண்ணில் உருண்டது. சிப்பாய் அதைக் காலால் பிடித்துக்கொண்டு வெறும் சிரட்டையை நக்கியது.

ஆபேல்தான் பார்த்துவிட்டுக் கத்தினான். கையாலைப் பக்கம் எட்டிப் பார்த்த பூங்கனியைக் கண்டு சிப்பாய் பழைய குரலில் குரைத்தது.

“ஓ, என்னத் தெரியுதா ஒனக்கு?” என்றாள் பூங்கனி, அழுகையும் சிரிப்புமாக. “நல்ல பட்டி மக்கா, நல்ல பட்டி!”

கெடுவும் கழிந்தது. வில்வண்டி கேட்காமலேயே ஒரு தடவை வந்து நின்றது. டாக்டர் இறங்கவில்லை. வண்டியிலிருந்தே நாயைப் பார்த்து, “இனி எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடியல். வடகிழக்கே மலை இன்னும் நீலமாகக் கிடந்தது. கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. சிப்பாய் அவிழ்த்துவிடப்பட்டு ஆபேலின் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஆபேல் வாய்க்குள் ஒரு ஞானப்பாட்டை முனகிக்கொண்டு தளைநாரைக் காலில் மாட்டினான். வீக்கம் வற்றிய கையைப் பின்பக்கமாக நீட்டினான்.

பெட்டி வரவில்லை.

திரும்பிப் பார்த்தான். செல்லபாய் அருவாப்பெட்டியை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தா பிள்ளே. வெயிலு ஏறுது.”

அவள் தரவில்லை. பயம் நேற்றோடு போயிருக்க வேண்டும். நாய் பிழைத்தது, ஆள் பிழைத்தான், ஊரே சிரித்துவிட்டது. ஆனால் அவன் தளைநாரை மாட்டியதும் அதே பயம் வந்து நின்றது. இந்தப் பயம் சிப்பாய் கொண்டுவந்ததில்லை. அவள் கல்யாணமாகி வரும்போதே கூட வந்தது. சிப்பாய் அதைச் சங்கிலியில் கட்டிக் காட்டியது, அவ்வளவுதான்.

“என்ன பிள்ளே? ஏறிட்டு வாங்கன்னு சொல்லு.”

அவள் வாயைத் திறந்தாள். அம்மையின் நினைவு வந்தது. பின்வரிசைப் பாய் நினைவு வந்தது. மேலே ஓலைகள் காற்றில் ஒன்றோடொன்று உரசின. ஆபேல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் அவள் வாயைப் பொத்தக் கையை எடுத்தான். கடித்த தழும்பு அந்தக் கையில் இன்னும் சிவப்பாக இருந்தது. அது தன் முகத்துக்கு வருமுன் அவள் தலையை விலக்கிக்கொண்டாள்.

“களியக்காவிளையில இஸ்ரவேல் அண்ணன் கடையில இன்னும் ஆளு எடுக்கேல” என்றாள். “இனி நீங்க பனை ஏறண்டாம்.”